நீக்கினார்களா, கவிழ்த்தார்களா, பறித்தார்களா? பதவி போன செய்தியை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவதற்குத் தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நீக்கு, விலக்கு, அகற்று, பறி, இறக்கு, கவிழ், கலை, வீழ்த்து, வெளியேற்று, கழற்றிவிடு, ஓரங்கட்டு என்று வரிசை நீளும். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போவது 'பதவி நீக்கம் செய்யப்பட்டார்' என்பதற்குத்தான். தேர்தலில் தோற்றவர், ராணுவம் சிறைபிடித்தவர், தீர்ப்பால் பதவி இழந்தவர், கடிதம் கொடுத்துவிட்டுப் போனவர் எல்லோரும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் அடைக்கப்படுகிறார்கள். படிப்பவருக்கு ஆள் பதவியில் இல்லை என்பது மட்டும் புரிகிறது. யார் செய்தார்கள், எந்த உரிமையில் செய்தார்கள் என்பது தெரியாமலே போகிறது. அதைச் சொல்ல வேண்டியது வினைச்சொல்லின் வேலை.

செய்தி, கட்டுரை, மொழிபெயர்ப்பு, போட்டித் தேர்வு விடை என்று எதை எழுதுபவருக்கும் பயன்படும்படி இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். இலக்கணமும் வரும், கொஞ்சம் அரசியல் வரலாறும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் படி: அதிகாரம் யாரிடம் இருந்தது?

'நீக்கு' என்ற வினைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நீக்குபவருக்கு நீக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். பிரதமரின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் ஒரு மத்திய அமைச்சரை நீக்கலாம். பொதுச்செயலாளர் ஒரு மாவட்டச் செயலாளரை நீக்கலாம். நிர்வாகக் குழு தலைமை அதிகாரியை நீக்கலாம். வாக்காளர்கள் யாரையும் நீக்குவதில்லை, தோற்கடிக்கிறார்கள். ராணுவமும் நீக்குவதில்லை, ஆட்சியைப் பிடிக்கிறது.

எனவே எழுதத் தொடங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பதவியைக் கொடுத்தவரோ, சட்டப்படி எடுக்கக்கூடியவரோதான் எடுத்தாரா? ஆமாம் என்றால் 'நீக்கினார்'. இல்லை என்றால் வேறு சொல் தேட வேண்டும்.

இரண்டாம் படி: வேற்றுமை உருபைச் சரிபார்ப்பது

இது சின்ன விஷயம்போலத் தெரியும். தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான்.

'நீக்கு' என்றால் ஆளை நீக்குகிறோம், பதவியிலிருந்து நீக்குகிறோம். 'அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள்' என்பது சரி. 'அவரது தலைவர் பதவியை நீக்கினார்கள்' என்று எழுதினால், தலைவர் என்ற பதவியே இனி இல்லை என்று பொருள் தொனிக்கும். இந்த வேறுபாடு வரலாற்றிலேயே தேவைப்பட்டிருக்கிறது. 2008 மே மாதம் நேபாளத்தில் அரசியல் நிர்ணய சபை மன்னராட்சியையே முடித்து நாட்டைக் குடியரசாக அறிவித்தது. அங்கே மன்னர் ஞானேந்திரா நீக்கப்பட்டார் என்றால் பாதிச் செய்திதான். மன்னர் என்ற பதவியே ஒழிக்கப்பட்டது என்பதுதான் முழுச் செய்தி.

'பறி' இதற்கு நேர் எதிர். அங்கே பதவியைத்தான் பறிக்கிறோம்: 'அவரிடமிருந்து பதவியைப் பறித்தார்கள்', 'அவரது பதவி பறிபோனது'. 'பதவியிலிருந்து பறிக்கப்பட்டார்' என்று எழுதினால் கேட்கவே ஒருமாதிரி இருக்கும். தவிர, 'பறி' என்ற சொல்லிலேயே அநியாயம் நடந்துவிட்டது என்ற முணுமுணுப்பு இருக்கிறது. நடுநிலைச் செய்தியில் 'பதவி பறிப்பு' என்று தலைப்பிட்டால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சாய வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகச் சாயலாம், தெரிந்து சாயுங்கள்.

இன்னொன்று, 'இலிருந்து' என்பதைப் பிரித்து எழுதும் பழக்கம். 'அமைச்சர் பதவியில் இருந்து பேசினார்' என்றால் பதவியில் இருந்துகொண்டு பேசினாரா, பதவியை விட்டு வந்து பேசினாரா? சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

மூன்றாம் படி: தானாகவா, பிறராலா?

ஒருவர் வேலையில் இல்லை என்று கேள்விப்பட்டால் நாம் முதலில் கேட்பது, 'நின்னுட்டாரா, நிறுத்திட்டாங்களா?' என்பதுதான். தன்வினை, பிறவினை பற்றிப் பள்ளியில் படித்த அத்தனையும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நின்றார், நிறுத்தினார்கள். விலகினார், விலக்கினார்கள். நீங்கினார், நீக்கினார்கள். கவிழ்ந்தது, கவிழ்த்தார்கள். 'விலகினார்' என்பதில் ஒரு 'க்' கூடினால் செய்தியே தலைகீழாகிவிடும். தட்டச்சுப் பிழையாகக்கூட வரக்கூடிய மாற்றம் இது.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது நிலை உண்டு. கையெழுத்து அவருடையது, விருப்பம் அவருடையது இல்லை. இதற்குத் தமிழில் 'விலக வைத்தார்கள்', 'ராஜினாமா செய்ய வைத்தார்கள்' என்ற அமைப்பு இருக்கிறது. 2017 பிப்ரவரி 5 அன்று ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். 7ஆம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்துவிட்டு எழுந்து வந்தவர், தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா செய்ய வைத்ததாகச் சொன்னார். இதை எழுதுபவர் என்ன செய்ய வேண்டும்? 'விலகினார்' என்பது பதிவான உண்மை, அதை உங்கள் குரலில் எழுதலாம். 'விலக வைத்தார்கள்' என்பது அவர் சொன்னது. அதை 'விலக வைத்ததாகச் சொன்னார்' என்று அவர் வாயில்தான் வைக்க வேண்டும். 'பதவி நீக்கப்பட்டார்' என்பது இரண்டுமே இல்லை.

பதவி விலகலை நீக்கமாக எழுதும் தவறுக்கு இன்னொரு நிரந்தர உதாரணம் அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன். 1974 ஆகஸ்டில் அவர் விலகினார். அவரை நீக்கக் கோரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையின் முழு வாக்கெடுப்புக்கே வரவில்லை.

நான்காம் படி: போனது ஆளா, அரசா?

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் தமிழ் இங்கேதான் மிக நுட்பமாகப் பிரித்துப் பேசுகிறது.

அரசு 'கவிழும்'. ஆள் கவிழ்வதில்லை. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசின் நம்பிக்கை கோரும் தீர்மானத்துக்கு ஆதரவாக 269, எதிராக 270 வாக்குகள் விழுந்தன. 'வாஜ்பாய் பதவி நீக்கம் செய்யப்பட்டார்' என்று எழுதினால் யாரோ உத்தரவு போட்டு அவரை அனுப்பியதுபோல் ஆகிவிடும். 'ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது' என்பதே நடந்தது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வாக்கெடுப்பு அது. ஆகவே 'ஜெயலலிதா கவிழ்த்தார்' என்று பிறவினையில் எழுதுபவர்களும் உண்டு. 'கவிழ்ந்தது' நிகழ்வைச் சொல்கிறது, 'கவிழ்த்தார்' பொறுப்பைச் சுமத்துகிறது. முதலாவது செய்திப் பக்கத்துக்கு, இரண்டாவது தலையங்கத்துக்கு. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது' என்று பலர் எழுதுவார்கள். அது அரசே கொண்டுவந்த நம்பிக்கை கோரும் தீர்மானம். 1990 நவம்பரில் வி.பி. சிங் அரசு கவிழ்ந்ததும் அப்படித்தான். மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறி எந்த மத்திய அரசும் போனதில்லை. பாகிஸ்தானில் போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் இம்ரான் கான் அப்படித்தான் பிரதமர் பதவியை இழந்தார். அந்த நாட்டில் அந்த வழியில் போன முதல் பிரதமர் அவர்.

அரசு 'கலைக்கப்படும்'. இது மேலிருந்து வருவது. அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைப் பயன்படுத்தி மத்திய அரசு மாநில அரசை முடித்துவைத்தால், தமிழில் அதற்கு 'ஆட்சிக் கலைப்பு' என்று பெயர். 1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சி. 1980 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். ஆட்சி. 1991 ஜனவரி 30, மீண்டும் தி.மு.க. ஆட்சி. இந்த மூன்றிலும் 'கவிழ்ந்தது' என்ற சொல் பொருந்தாது, ஏனென்றால் சட்டமன்றத்தில் யாரும் பெரும்பான்மையை இழக்கவில்லை.

1988 தான் மாணவர்களையும் செய்தியாளர்களையும் ஒருசேரத் தடுக்கி விழ வைக்கும் ஆண்டு. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் ஜனவரி 7 அன்று ஜானகி ராமச்சந்திரன் முதலமைச்சரானார். 28ஆம் தேதி சட்டமன்றத்தில் அடிதடிக்கு நடுவே நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து, அவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. 30ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. வாக்கெடுப்பு நடந்த கதையைக் கேட்டவுடன் 'கவிழ்ந்தது' என்று எழுதத் தோன்றும். கவிழவில்லை, கலைக்கப்பட்டது. பின்னாளில் 1994ல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் சட்டமன்றத் தளமே என்று சொன்னது. கவிழ்வதற்கும் கலைப்பதற்கும் நம் மொழி வைத்திருந்த வேறுபாட்டைச் சட்டமும் அழுத்தமாகச் சொன்ன தருணம் அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அரசு 'தோற்கும்', 'வீழும்'. இது தேர்தல். இங்கே செய்பவர்கள் வாக்காளர்கள். 'ஆட்சியை இழந்தது', 'வீழ்த்தினார்கள்', 'வீட்டுக்கு அனுப்பினார்கள்' எல்லாமே பொருந்தும். ஆனால் வீழ்ந்தது யாருடைய ஆட்சி என்பதைப் பார்த்து எழுதுங்கள். '1967ல் காமராஜர் ஆட்சி வீழ்ந்தது' என்ற வாக்கியம் எத்தனையோ மேடைகளில் ஒலித்திருக்கிறது. காமராஜர் 1963 அக்டோபரிலேயே கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிவிட்டார். 1967ல் வீழ்ந்தது பக்தவத்சலம் தலைமையிலான காங்கிரஸ் அரசு. காமராஜர் அந்தத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் தோற்றார். ஆள் தோற்றதும் ஆட்சி வீழ்ந்ததும் ஒரே நாளில் தெரியவந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ஐந்தாம் படி: சட்டமே எடுத்துக்கொண்டால்

சில நேரம் பதவியை எடுக்க யாரும் உத்தரவே போட வேண்டியதில்லை. தீர்ப்பு வந்தால் பதவி தானாகப் போய்விடும். அதற்கு 'இழந்தார்' என்பதே சரியான வினை. 2001 செப்டம்பரில் ஜெயலலிதாவை முதலமைச்சராக நியமித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. இரண்டு முறையும் அவர் பதவி இழந்தார். அவரை யாரும் நீக்கவில்லை.

'தகுதி நீக்கம்' இதன் தம்பி. நீங்குவது தகுதி, அதன் விளைவாகப் போவது பதவி. 2017 செப்டம்பரில் சட்டமன்றத் தலைவர் தனபால் 18 உறுப்பினர்களைக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் தகுதி நீக்கம் செய்தார். அதை 'பதவி நீக்கம்' என்று எழுதினால் பெரிய குற்றமில்லை, ஆனால் காரணம் காணாமல் போய்விடும்.

ஆறாம் படி: குற்றம் சாட்டுவதும் நீக்குவதும்

வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்கும் படி. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை அதிபர் மீது குற்றம் சாட்டித் தீர்மானம் நிறைவேற்றும். செனட் விசாரித்து முடிவு செய்யும். முதல் கட்டம் முடிந்ததுமே தமிழில் 'டிரம்ப் பதவி நீக்கம்' என்று எழுதினால், அடுத்த நாள் அவர் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருப்பதை எப்படி விளக்குவது? 1868ல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998ல் கிளின்டன், 2019லும் 2021லும் டிரம்ப் ஆகிய மூவர் மீதும் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. ஒருவரைக்கூடச் செனட் நீக்கவில்லை. ஜான்சன் தப்பியது ஒரே வாக்கில்.

தென் கொரியாவில் இன்னொரு விதம். நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறினால் அதிபரின் அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்படும். பதவியிலிருந்து நீக்குவது அரசமைப்பு நீதிமன்றம். பார்க் குன் ஹே மீது 2016 டிசம்பரில் தீர்மானம் நிறைவேறியது, அவர் நீக்கப்பட்டது 2017 மார்ச்சில். 2004ல் ரோ மூ ஹியூன் மீதும் தீர்மானம் நிறைவேறியது, நீதிமன்றம் அதை ஏற்காததால் பதவிக்குத் திரும்பினார்.

இந்த முதல் கட்டத்துக்கு இலங்கைத் தமிழில் 'குற்றப் பிரேரணை' என்ற சொல் புழங்குகிறது. நம் 'பதவி நீக்கத் தீர்மான'த்தைவிட அது தெளிவானது, ஏனென்றால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது 'பதவி நீக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறியது' என்றாவது எழுதலாம். இந்தியாவில் நீதிபதிகளை நீக்கவும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டும். 1993ல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு மக்களவையில் எதிர்ப்பு வாக்கே விழவில்லை. ஆனாலும் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்ததால் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது. 2011ல் நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவைக்கு வரும் முன் அவரே விலகிவிட்டார். இரண்டிலும் 'நீக்கப்பட்டார்' தவறு.

ஏழாம் படி: துப்பாக்கியும் மணிமுடியும்

1999 அக்டோபரில் பாகிஸ்தானில் ராணுவத் தளபதி முஷாரஃப் பிரதமர் நவாஸ் ஷெரீஃபைப் 'பதவி நீக்கம் செய்தார்' என்று எழுதுவது, செய்தவருக்கு இல்லாத அதிகாரத்தை நாமே கொடுப்பதாகும். அதைவிட மோசம் 'ராணுவப் புரட்சி' என்ற பழக்கச் சொல். பீரங்கி வண்டி வீதிக்கு வந்தால் அது புரட்சியா? 'ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது', 'ஆட்சியைக் கவிழ்த்தது' என்று எழுதினால் போதும். 2021 பிப்ரவரி 1 மியான்மருக்கும் அதேதான்.

மன்னர்களுக்குத் தனிச் சொற்கள் உண்டு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் 1936ல் 'முடி துறந்தார்'. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அப்படித் துறக்கவில்லை. 1815ல் ஆங்கிலேயர் அவரைச் சிறைபிடித்தார்கள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தத்தில் அவருக்கு இனி அரியணை இல்லை என்று எழுதி, பிரதானிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அவரை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள், அங்கேயே 1832ல் இறந்தார். 'அரியணையிலிருந்து இறக்கப்பட்டார்', 'முடி பறிக்கப்பட்டது' இரண்டும் அவருக்குப் பொருந்தும். 'ஆட்சியை இழந்தார்' என்றாலும் பொய்யில்லை, ஆனால் அந்த வாக்கியத்தில் ஆங்கிலேயர் காணாமல் போய்விடுகிறார்கள்.

எட்டாம் படி: அலுவலகம்

அரசுப் பணியில் சொற்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன, நாம் புதிதாகத் தேட வேண்டாம். விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது பணியிடை நீக்கம். பேச்சில் 'சஸ்பெண்ட்'. அவர் இன்னும் ஊழியர்தான், பிழைப்பூதியம் வாங்குவார். வேலையே போவது பணி நீக்கம். அதிலும் கடுமையானது பணியறவு, அதாவது 'டிஸ்மிஸ்'. அப்படிப் போனவருக்குப் பொதுவாக மறுபடி அரசு வேலை கிடைக்காது. வயதுக்கு முன்பே அனுப்புவது கட்டாய ஓய்வு. பணியிடை நீக்கத்தைப் 'பணி நீக்கம்' என்று எழுதிவிட்டால் ஒரு மனிதரின் வேலையையே எழுத்தில் பறித்துவிடுகிறோம், மறுப்புக் கடிதம் வரத்தான் செய்யும். தனியார் நிறுவனங்களில் செலவைக் காட்டிப் பலரை அனுப்புவது 'ஆட்குறைப்பு'. அதில் அனுப்பப்பட்டவர் தவறு எதுவும் செய்யவில்லை, எனவே 'நீக்கம்' என்ற சொல்லை அவர் மேல் ஒட்ட வேண்டாம்.

ஒன்பதாம் படி: கட்சி அறிக்கையும் பேச்சு வழக்கும்

'கழகத்தின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் இன்று முதல் நீக்கப்படுகிறார்.' தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். இதை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். 'அடிப்படை உறுப்பினர்' என்று வந்தால் ஆள் கட்சியிலேயே இல்லை. அது வராமல் 'மாவட்டச் செயலாளர் பொறுப்பிலிருந்து' என்று மட்டும் வந்தால் கட்சியில் இருக்கிறார், பொறுப்புதான் போயிற்று. 'விடுவிக்கப்படுகிறார்' என்று வந்தால் கோபம் குறைவு, அவருக்கு வேறு பொறுப்பு காத்திருக்கலாம். 'தற்காலிகமாக' என்று வந்தால் கதவு இன்னும் சாத்தப்படவில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். முதலில் தற்காலிகமாக நீக்கப்பட்டார், சில நாளில் அது நிரந்தரமானது, அந்த மாதமே அ.தி.மு.க. பிறந்தது. அறிக்கையில் இருக்கும் சொல்லை அப்படியே எடுத்து எழுதுவதுதான் பாதுகாப்பு.

பேச்சு வழக்கில் இன்னும் சுவையான சொற்கள் இருக்கின்றன. 'கட்டம் கட்டிவிட்டார்கள்' என்றால் கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள். கட்சிப் பத்திரிகையில் நீக்க அறிவிப்பைக் கட்டத்துக்குள் போடுவதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 'கல்தா கொடுத்தார்' என்பதில் கிண்டல் இருக்கும். 'ஓரங்கட்டினார்கள்' என்றால் பதவி இருக்கிறது, அதிகாரம் இல்லை. 'தூக்கியடித்தார்கள்' என்பது நீக்கம் இல்லை, தண்டனை இடமாற்றம். 'சீட்டு கிழிந்தது' எல்லா வேலைக்கும் பொருந்தும். இவை தலைப்புக்கும் பத்திக் கட்டுரைக்கும் அழகு. 'ஆளைத் தூக்கிட்டாங்க' என்பதை மட்டும் எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். அது இடமாற்றமா, கைதா, கடத்தலா என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

பத்தாம் படி: நீக்கினாரா, நீக்கியதாக அறிவித்தாரா?

எல்லாம் சரியாக எழுதிவிட்டீர்கள். அப்புறமும் ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். உத்தரவு வந்துவிட்டது என்பதும், பதவி போய்விட்டது என்பதும் வேறு வேறு நாளில் நடக்கலாம், இரண்டாவது நடக்காமலே போகலாம்.

2023 ஜூன் 29 மாலை தமிழ்நாடு ஆளுநர் ஆர்.என். ரவி அமைச்சர் செந்தில் பாலாஜியை அமைச்சரவையிலிருந்து நீக்குவதாக உத்தரவிட்டார். அன்று இரவே அந்த உத்தரவை நிறுத்திவைத்தார். மாலையில் 'நீக்கினார்' என்று முடித்துவிட்டவர்கள் இரவில் திருத்தம் போட வேண்டியிருந்தது. 'நீக்கி உத்தரவிட்டார்' என்று எழுதியவர்களுக்கு அந்த வேலை இல்லை. முந்தைய வாக்கியம் அப்படியே நின்றது, கீழே ஒரு வரி சேர்த்தால் போதுமாயிருந்தது.

இலங்கையில் இதே கதை ஏழு வாரம் நீண்டது. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கியதாக அறிவித்து மகிந்த ராஜபக்சவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ரணில் அதை ஏற்கவில்லை, தானே பிரதமர் என்று சொல்லி, பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேறவும் மறுத்தார். டிசம்பர் 16 அன்று அதே சிறிசேன முன்னிலையில் அவர் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். அந்த வாரங்களில் 'முன்னாள் பிரதமர் ரணில்' என்று எழுதியவர்கள் ஒரு பக்கம், 'பிரதமர் ரணில்' என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். 'நீக்கியதாக ஜனாதிபதி அறிவித்த ரணில்' என்று எழுதுவது நீளம்தான், காதுக்கும் அவ்வளவு இனிமையில்லை. ஆனால் டிசம்பரில் திருத்த வேண்டியிருக்காத வாக்கியம் அது ஒன்றுதான்.